இரண்டாவது தடவை அமுக்கினால்

மழை ஈரம் பட்டால் என் வலது தோள்பட்டை வலிக்கும், அய்யா. இன்றைக்கும் வலிக்கிறது. எழுத்து கோணலாகப் போவது அதனால்தான், பயத்தினால் இல்லை. பதினேழு வயதிலிருந்து கிணற்றுக்குள் சம்மட்டி அடித்த தோள். பாறையில் அடித்தால் பாதி அடி பாறைக்கு, பாதி அடி தோளுக்கு. சம்மட்டி பிடித்தவனுக்குத் தெரியும், மற்றவனுக்குச் சொல்லி விளங்காது.

ஏட்டு டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை தூக்கல். குடித்துவிட்டேன்.

சவரிமுத்து செத்து ஏழு மாதம் ஆகிறது. நீங்களே வழக்கு எழுதினீர்கள், நீங்களே மூடினீர்கள். 'கிணறு வெட்டும்போது கருவிக் கோளாறினால் ஏற்பட்ட விபத்து' என்று எழுதியிருந்த தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். மூடின வழக்குக்கு எதுக்கய்யா தானாக வந்து நிற்கிறாய் என்று காலையில் கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் 'கோளாறு' என்ற வார்த்தை தப்பு. என் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் மாதேஸ்வரன். பென்னாகரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சவரிமுத்து எங்கள் ஊர்தான், கோயில் தெரு. கோயில் என்றால் மாதா கோயில். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒரே கூட்டத்தில் கிணறு வெட்டப் போனோம், ஒரே தூக்குப்போசியில் களி தின்றோம். என் தோள் கழன்றது எண்பத்திரண்டாம் வருடம், எங்கள் சொந்தக் கிணற்றைத் தூர் எடுத்து ஆழப்படுத்தும்போது. பாதியில் நான் படுத்துவிட்டேன். மிச்சம் நாலு நாள் வேலையைச் சவரி வந்து வெட்டிக் கொடுத்தான்.

கூலிக்கு இல்லை. எங்கள் பக்கம் மாத்தாள் என்று ஒன்று உண்டு. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்றார்கள், அதனால் சொல்கிறேன். இன்றைக்கு நீ என் காட்டில் ஒரு நாள் பாடுபட்டால், பிறகு ஒரு நாள் நான் உன் காட்டில் பாடுபட வேண்டும். நாளுக்கு நாள். காசாகக் கொடுத்தால் அது கூலி ஆகிவிடும், மாத்தாள் ஆகாது. ஆள்தான் போகணும். சவரி அவன் காட்டில் கிணறு எடுக்க ஆரம்பித்தபோது நான் போயிருக்க வேண்டும். இருபது அடியில் அந்தக் கிணறு நின்றுபோனது. தோளைக் காட்டி நான் போகவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. "வலி போனதும் வாடா, பாறை எங்க ஓடிப்போவுது" என்றான்.

தோள் போனபிறகு ரேடியோ கற்றுக்கொண்டேன். ரேடியோவிலிருந்து டிவி. டிவியிலிருந்து மைக்ரோபிராசசர். பெங்களூரில் ஓட்டைப் போர்டுகளைக் கிலோக் கணக்கில் விற்கும் தெரு இருக்கிறது. அங்கே வாங்கி, சூடு காட்டிச் சிப்புகளைக் கழற்றி, நானாக ஒரு கம்ப்யூட்டர் போர்டு கட்டினேன். திரை கிடையாது. ஆறு எண்கள் எரியும் ஒரு பட்டை, இருபது பொத்தான், அவ்வளவுதான். போர்டு கட்டியது பெரிய வேலை இல்லை. அதற்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற புரோகிராம்தான் வேலை. கெர்னல் என்பார்கள். அதை நான் வாங்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று, ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு கட்டளையாக எழுதி, அதற்குரிய எண்ணைப் பக்கத்தில் எழுதி, இரண்டு வருடம். இதனால் ஒரு பைசா வரும் என்று நினைத்துச் செய்யவில்லை. சும்மா இருக்க முடியாமல் செய்தேன்.

கெர்னல் என்றால் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவனுக்கு இந்த வேலை, அவனுக்கு அந்த வேலை என்று பிரித்துக் கொடுத்து, தானும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். நடுவில் ஒருத்தன் வந்து அவன் தோளைத் தட்டுகிறான். அதற்குப் பெயர் இன்டரப்ட். மேஸ்திரி விட்ட இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு, தட்டினவன் சொல்வதைக் கேட்டுச் செய்துவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்ப வர வேண்டும். ஒருவன் பேசும்போது இன்னொருவன் தட்டக் கூடாது அல்லவா? அதற்காக, முதல் தட்டு விழுந்ததுமே சிப்பு தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளும். கேட்டு முடித்ததும் கதவைத் திறந்துவிடுவது புரோகிராம் எழுதுகிறவன் பொறுப்பு. அதற்கு ஒரே ஒரு கட்டளை. நோட்டில் எஃப் பி என்று இரண்டு எழுத்து. அதைப் போட மறந்தால், முதல் தடவை தட்டினால் கேட்கும். இரண்டாவது தடவை கேட்காது. அதற்கப்புறம் எத்தனை தட்டினாலும் செவிடுதான், கரண்டை ஆஃப் செய்து ஆன் செய்கிற வரைக்கும்.

முதலில் எழுதியபோது நானும் மறந்தேன். புதிதாக எழுதுகிற எல்லோரும் அதை மறப்பார்கள். ஏன் ஒரு தடவையோடு நின்றுபோகிறது என்று தெரியாமல் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கண்டுபிடித்த அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு நாலு பரோட்டா சாப்பிட்டேன். அன்றைக்கு மாதிரி நான் அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தப் போர்டை வைத்த பெட்டியைக் கிணற்று வேலைக்குக் கொண்டுவரச் சொன்னது சவரிதான். அதை நான் மறைக்கவில்லை. காளியப்பன் என்கிற விவசாயியின் காட்டில், ஒகேனக்கல் போகிற ரோட்டோரம், அறுபது அடிக் கிணறு. மேலே மூணு கால் இரும்புக் கிரேன், அதில் மோட்டார், இரும்பு வடம். கீழே சவரி கல்லை உடைத்துத் தொட்டியில் நிரப்புவான். மேலே இரண்டு பேர். பச்சியப்பன் என்கிறவன் மோட்டாரைப் போட்டு நிறுத்துவான். சவரியின் மச்சான் சின்னப்பராஜ் கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவான்.

"உன் பொட்டி வடத்த இழுக்குமாடா?" என்று கேட்டான் சவரி.

"மோட்டாரை ஓட்டும், தொட்டி கெணத்து வாய்க்கு வந்ததும் தானா நிறுத்தும்."

"அதுக்கு முன்ன நான் நிறுத்தச் சொன்னா நிறுத்துமா? அதச் சொல்லு மொதல்ல."

அதற்காகத்தான் கிணற்றின் அடிக்கு ஒயர் இழுத்து ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தேன். அவன் அமுக்கினால் மேஸ்திரியின் தோளில் தட்டு விழும். மோட்டார் நிற்கும், பெட்டி ஒருதரம் கீச்சென்று கத்தும், எத்தனை தட்டு விழுந்தது என்று எண்ணியும் வைத்துக்கொள்ளும். மேலே சின்னப்பராஜ் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும். அதற்குத் தட்டு வேண்டாம்; பச்சைப் பொத்தானையும், தொட்டி வாய்க்கு வந்ததையும் மேஸ்திரி தானே அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்வான். கரண்டு போய்ப் போய் வருகிற காலம். அதனால் பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு கார் பேட்டரி. காலையில் ஆன் செய்தால் சாயங்காலம்தான் ஆஃப்.

பச்சியப்பனுக்கு வேலை போனது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சியப்பன் வீடு சவரி வீட்டுக்கு எதிர்வீடு.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. சவரி தினமும் காலையில் இறங்கினதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பொத்தானை ஒருதரம் அமுக்கிப் பார்ப்பான். பெட்டி கத்தும். "கேக்குதுடா" என்று கீழேயிருந்து சொல்வான். அதற்கப்புறம்தான் சம்மட்டியைத் தொடுவான். ஒரு நாளும் தப்பாது.

இரண்டாவது வாரத்திலிருந்து மோட்டார் அடிக்கடி நின்றது. காளியப்பன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, மூச்சு வாங்கற மாடு மாதிரி உன் மிசினு நின்னு நின்னு போவுது. பச்சியப்பனே தேவலாம் போலிருக்குதே" என்றார்.

அன்று சாயங்காலம் பெட்டியில் இருந்த எண்ணிக்கையைப் பார்த்தேன். நூற்றித் தொண்ணூற்றி ஆறு. ஒரே நாளில். மறுநாள் இருநூற்றிப் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு மேலே வருகிற தொட்டியே எண்பதுதான். எண்பது தொட்டிக்கு இருநூற்றிப் பன்னிரண்டு தடவை ஒரு மனிதன் எதற்கு அமுக்குகிறான்? நீங்கள் போலீஸ்காரர். நீங்களே சொல்லுங்கள், என்ன நினைப்பீர்கள்?

நான் கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"கெழக்குப் பக்கம் ஒரு பாறை மூக்கு நீட்டிக்கிட்டு நிக்குதுடா, பாதி ஒசரத்துல. தொட்டி ஆடுனா வெளிம்பு அதுக்கு அடியில போய் மாட்டுது. நிறுத்தி, வடத்த ஆட்டி உட்டாத்தான் நவுருது. வெடி வச்சுத்தான் எடுக்கோணும், காளியப்பன் இப்ப வேண்டாங்கறாரு."

"எத்தன தரம் மாட்டுது?"

"எண்ணலடா. முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும். நம்பிக்க இல்லைன்னா வந்து எறங்கிப் பாரு."

முப்பத்தைந்து என்றான். பெட்டி இருநூற்றிப் பன்னிரண்டு என்றது. பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் இறங்கிப் பார்க்கவில்லை. தோள் வலி.

அன்றிலிருந்து கவனித்தேன். சவரி மதியம் மேலே வந்தால் பச்சியப்பன் எங்கிருந்தோ வந்து அவன் பக்கத்தில் உட்காருவான். இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். நான் போனால் பேச்சு நிற்கும். ஒருநாள் மோட்டார் நின்றதும் கிணற்றுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிணற்றுக்குள் சிரித்தால் வெளியே இரண்டு மடங்காகக் கேட்கும். என்னடா சிரிப்பு என்று எட்டிப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லடா மாதேசா. ரெண்டு வருசம் நீ பெத்து வளத்த பொட்டி, ஒத்த வெரல்ல தொட்டா என் பேச்சத்தான் கேக்குது. உன் பேச்ச எங்க கேக்குது?"

சின்னப்பராஜும் சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னது என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதன் தினமும் இருநூறு தடவை உங்கள் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்தால் நீங்களும் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரிலிருந்து ஒருவர் வருவதாகக் கடிதம் போட்டார். கிரேன் செய்து விற்கிற பட்டறைக்காரர், இன்ஜினியர். பெட்டி ஒழுங்காக ஓடினால் இதே மாதிரி செய்து தரச் சொல்லி, என்னையும் ஓசூருக்குக் கூட்டிப்போவதாக எழுதியிருந்தார். ரிப்பேர் கடையில் ஈயப் புகையை முகர்ந்து சாக வேண்டியவனுக்கு அது எப்பேர்ப்பட்ட கடிதம் என்று சொல்ல வேண்டியதில்லை. வருகிற நாளைச் சவரியிடம் சொன்னேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பார்த்து அமுக்கு என்றேன்.

"மாட்டுனா அமுக்காம என்னா பண்ணச் சொல்ற? தலையக் குடுக்கவா?" என்றான்.

மிரட்டுகிறான் என்றுதான் பட்டது. அவர் வருவதற்கு முந்தின நாள் பெட்டியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனேன். தூசி தட்டினேன்.

மறுநாள். மார்ச் மாதம், தவக்காலம். சவரி வெறும் வயிற்றோடுதான் இறங்கினான். எட்டு மணிக்கு ஆன் செய்து மணியை வைத்தேன். பட்டையில் மணி, நிமிடம், வினாடி ஓட ஆரம்பித்தது. சிலுவை போட்டான். அமுக்கினான். பெட்டி கத்தியது. "கேக்குதுடா" என்றான். அந்த நொடியிலேயே பட்டையில் வினாடி எண் அசையாமல் நின்றது. கடிகாரமும் இன்டரப்டில்தான் ஓடுகிறது. எட்டு, நாலு, பதினேழு. அதை நான் பார்த்தேன். சின்னப்பராஜ் பார்க்கவில்லை, அவன் பார்க்கிற வழக்கம் இல்லை.

ஓசூர்க்காரர் எட்டே முக்காலுக்கு வந்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். நல்ல மனிதர், ஈயம் வைத்திருக்கிற சுத்தத்தைப் புகழ்ந்தார். பிறகு சிவப்புப் பொத்தானின் ஒயரைத் தொட்டுக் காட்டி, "இங்கே ஒரு கெப்பாசிட்டர் இல்லையே தம்பி. பொத்தானை ஒருதரம் அமுக்கினா உள்ளே தகடு ஆறு ஏழு தரம் துள்ளும். சிப்பு ஒவ்வொரு துள்ளலையும் ஒரு அமுக்குன்னு எண்ணுமே. பார்த்துக்கிட்டியா?" என்றார்.

பார்த்துக்கிட்டேன் சார் என்றேன். பார்த்திருக்கவில்லை. ரேடியோ ரிப்பேரில் வந்தவனுக்கு அது தெரிய வழியில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது. இருநூற்றிப் பன்னிரண்டை ஆறால் வகுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வந்தது.

முப்பத்தைந்தும் ஒரு நாளைக்கு அதிகம்தான், அய்யா.

அப்போது நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. பெட்டியை ஒருதரம் ஆஃப் செய்து ஆன் செய்திருக்கலாம். ஒரு வினாடி வேலை. ஆனால் பட்டை முழுக்கப் பூஜ்யத்துக்குப் போய், முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதல்முதலாகப் பார்க்க வந்தவர் முன்னால் ஓடுகிற மிசினை அணைத்துப் போடுவது நன்றாக இருக்காது. தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் மேலே வந்தன. ஓசூர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்.

ஒன்பது மணி வாக்கில் கீழேயிருந்து குரல் வந்தது.

"மாதேசா. பொட்டிக்குக் காது கேக்கல போலிருக்குதுடா. ரெண்டு தரம் அமுக்கிட்டேன்."

"கேக்குது, கேக்குது. நீ வேலையப் பாரு."

"தொட்டி ஒரசிக்கிட்டுப் போச்சுடா."

"போச்சுல்ல? அப்பறம் என்னா?"

ஓசூர்க்காரர் என்ன சொல்கிறான் என்று கேட்டார். பொத்தானைத் தொட்டுத் தொட்டு விளையாடுவான் சார், அவன் குணம் அது என்றேன். அதற்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். சின்னப்பராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டுமேட்டுக்குப் போயிருந்தான். மோட்டார் சத்தம் கனத்தது. வடம் விறைத்துக்கொண்டு கிரேனின் கால்கள் முனகின. தொட்டி அந்த மூக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்று எனக்கு விளங்கியது. அங்கே ஒரு மூக்கு இருந்தது என்பதும் விளங்கியது. சவரி இரண்டு தரம் "நிறுத்து" என்றான். அவன் கத்தவில்லை. பெட்டி கேட்கும் என்ற நினைப்பில்தான் பாதி சொன்னான். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். நீங்கள் போய்ப் பார்த்தபோது அவன் கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது, உங்கள் தாளில் அது இருக்கிறது.

மோட்டாரின் மெயின் சுவிட்ச் எனக்கு வலது பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில். கையை மேலே தூக்கி இழுக்கணும். வலது தோள் எனக்கு அவ்வளவு உயரம் வராது, டாக்டர் சீட்டு இருக்கிறது. இடது கையில் ஒன்றும் இல்லை. இடது கை சும்மாதான் இருந்தது. தொட்டியின் காது பிய்ந்தது. நாலு ஆள் கனத்துக்குக் கல்.

சின்னப்பராஜ் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "மாமா, மாமா" என்று கிணற்றைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பெட்டி அப்போதும் எட்டு, நாலு, பதினேழு காட்டிக்கொண்டிருந்தது. நான் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஒன்று என்று இருந்தது. அன்றைக்கு அவன் அமுக்கியதாகப் பெட்டி எண்ணியது ஒன்றுதான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஓசூர்க்காரர் உங்கள் முன்னால் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பொத்தானை அமுக்கி, முதல் தடவை கேட்கிறது, இரண்டாவது தடவை கேட்கவில்லை என்று கண்டுபிடித்தார். "பாவம், கதவைத் திறக்கிற கட்டளையை மறந்துட்டான் சார். புதுசா எழுதறவங்க எல்லாரும் செய்யற தப்பு. நோட்டில் எழுதியிருக்கான், சிப்பில் ஏத்தறப்ப விட்டுட்டான்" என்று உங்களிடம் சொன்னார். நீங்கள் கோளாறு என்று எழுதினீர்கள். போகும்போது என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஓசூருக்கு வா என்று சொல்லவில்லை.

ஏழு மாதமாக அந்தத் தட்டு என் முதுகில் இருக்கிறது. மறந்துவிட்டானாம். நாலு மாதம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த அந்த எஃப் பி என்கிற ஒரு பைட்டை நான் மறப்பேனா?

புரோகிராமை ஏற்றின சிப்பு உங்கள் ஸ்டேஷன் பீரோவில் இருக்கிறது. எந்த இன்ஜினியரிடம் வேண்டுமானாலும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மறந்தவன் எழுதினால் ஒரு கட்டளைக்கு அடுத்தது ஒட்டினாற்போல இன்னொரு கட்டளை இருக்கும். நடுவில் இடம் இருக்காது. மறந்தவன் இடம் விட மாட்டான். என் சிப்பில் அந்த எஃப் பி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் பூஜ்யம் இருக்கும். பூஜ்யம் பூஜ்யம் என்றால் ஒன்றும் செய்யாதே, தாண்டிப் போ என்று அர்த்தம். அந்தச் சிப்பில் எழுதியதை அழிக்க அல்ட்ரா வயலட் விளக்கு வேண்டும், அதற்குப் பெங்களூர் போகணும். ஆனால் எழுதிய ஒன்றைப் பூஜ்யமாக்க விளக்கு வேண்டாம். மூணு டிரான்சிஸ்டர் பேட்டரியைச் சேர்த்துக் கட்டி, ஒரு இமை தட்டும் நேரம் கரண்டு கொடுத்தால் போதும். தூசி தட்டினேன் என்று சொன்னேனே, அந்தச் சாயங்காலம் நான் செய்தது இதுதான். வீட்டில் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அவன் காலையில் ஒருதரம் அமுக்கிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்று கேட்கும், நம்பிவிடுவான், அதோடு கதவு சாத்திக்கொள்ளும் என்றும் தெரியும். அதனால்தான் முழுசாகப் பொத்தானைப் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் அவன் இறங்கியே இருக்க மாட்டான். ஒரே ஒரு நாள் என் மேஸ்திரியை யாரும் தோளில் தட்டாமல் வேலை செய்ய விட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தபடி எழுதினேன். எழுதினபடி அது வேலை செய்தது. இதைக் கோளாறு என்று சொன்னால் எப்படி, அய்யா?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது வேறு மாதிரி சொல்லுவார்கள்.

ஆடி மாதம் சவரியின் பெண்டாட்டி ராஜமேரியைப் பார்க்கப் போனேன். நாலு நாள் கூலியைக் கவரில் போட்டு எடுத்துப்போனேன். முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குங்கண்ணா இது?"

"மாத்தாள் பாக்கி இருக்குதும்மா. நாலு நாள். தோள் முடியல, அதான் காசா."

கவரைத் தொடவில்லை. "காசா வாங்குனா கூலிங்கண்ணா. அவரு உங்க கெணத்துக்குக் கூலிக்கு வரலீங்களே."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?"

"நாலு நாள் வாங்க. நம்ம கெணறு இருபதடியில நிக்குது. எறங்கி வெட்டுங்க."

"மேல யாரு?"

"நான் இருக்கறன். கயித்த நான் புடிக்கறன்."

"பொம்பள நீ எப்படித் தொட்டி இழுப்ப?"

"இழுப்பன். மிசினு வேண்டாம். கீழ இருந்து நீங்க ஒரு சத்தம் குடுத்தாப் போதும், எனக்குக் கேக்கும்ங்கண்ணா" என்றாள். முறத்திலிருந்து கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டே சொன்னாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சின்னப்பராஜ் என் கடைக்கு வருகிறான். "அக்கா கேக்குது, எப்ப வர்றீங்கன்னு." அவ்வளவுதான் சொல்வான், போய்விடுவான். என்ன தெரியும் இவர்களுக்கு? சின்னப்பராஜ் அன்றைக்குப் பட்டையைப் பார்த்தானோ? இடது கையைப் பார்த்தானோ? கேட்கவும் முடியவில்லை. போன சந்தை நாள் அன்று ராஜமேரி கடை வழியாகப் போனாள். தோளில் புதுக் கயிறு. நின்று, கயிற்றின் ஒரு முனையை என் மேஜைமேல் வைத்து, "கெட்டியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்கண்ணா. ஏமாத்திப் போடுவாங்க" என்றாள். கெட்டியாகத்தான் இருந்தது. சொன்னேன். வரும் திங்கள்கிழமை நல்ல நாள் என்றாள்.

இன்று சனிக்கிழமை. அதற்குப் பயந்து ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கிணறு எனக்குப் புதிதில்லை. வார்த்தையைத் திருத்தத்தான் வந்தேன். கோளாறு என்பதை அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். திங்கள்கிழமைக்குள் என்னைத் தர்மபுரி ஜெயிலுக்கு அனுப்பினால் நல்லது.

அவர்களுக்கு என்று நான் வேறு கடன் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சவரிமுத்துவுக்கு நாலு நாள் மாத்தாள், அது மட்டும்தான் பாக்கி.